தசமியா ஏகாதசியா

பையைக் கீழ வெச்சுக்கறனுங்க, நீங்க நல்லாச் சாஞ்சு உக்காருங்க. எங்க இறங்கோணும்? பவானியா? அப்ப நல்லதாப் போச்சு, நானும் பவானிதான். சன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்குக் காத்து ஆகாது.

என்ன வேலைன்னு கேட்டீங்க. கேக்கறவங்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான் சொல்றது, ஆம்ப்ளிஃபையர் ஓட்டறனுங்கன்னு. உடனே, கடை எந்த ஊருங்க, மாரியம்மன் நோம்பிக்கு வாடகைக்குக் கிடைக்குமான்னு கேப்பாங்க. சிரிக்காதீங்க, நெசமாலுமே. போன மாசம்கூட ஒருத்தர் குழாய் ஸ்பீக்கர் நாலு வேணும்னு நம்பர் வாங்கிட்டுப் போனாரு. நானும் குடுத்துட்டேன். வெளக்கம் சொல்லி முடியறதுக்குள்ள அவர் இறங்கற இடம் வந்துரும்ல.

நம்முளுது அதில்லீங்க. நானும் டாக்டர்தான், ஆனா ஊசி போடற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கினவன். கோயமுத்தூர்ல ஒரு மருத்துவக் கல்லூரி. எந்தக் கல்லூரின்னு கேக்காதீங்க, சொன்னா வம்பு. மூளையில இருக்கற செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறது கரண்ட்டுலதானுங்க. துளியூண்டு கரண்ட்டு. உங்க கையில இருக்கற செல்போன்ல ஓடறதுல கோடியில ஒரு பங்குகூட வராது. அதைப் புடிச்சுப் பெருசு பண்ணிக் காட்டற மெசினுதான் நான் சொல்ற ஆம்ப்ளிஃபையர்.

எப்படிப் புடிக்கறதுன்னு கேளுங்க. கேக்கலைன்னாலும் சொல்றேன், பெருந்துறை வர இன்னும் நேரம் கெடக்குது. ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடு பண்ணி இழுத்தா நடுவுல அந்து, ரெண்டு ஊசியாயிரும். தலைமயிரெல்லாம் அந்த முனைக்கு முன்னால பனைமரம். உள்ள உப்புத்தண்ணி, ஒரு வெள்ளிக்கம்பி. மைக்ராஸ்கோப்புல பாத்துக்கிட்டே அந்த முனையைக் கொண்டுபோய் ஒரே ஒரு செல்லு மேல வெக்கோணும். வெச்சுட்டு, ஊசிக்குப் பின்னால வர்ற ரப்பர் டியூப்பை வாய்ல வெச்சு உறிஞ்சோணும். ஆமாங்க, வாய்லதான். எளநி குடிக்கற மாதிரி இல்ல. மூச்சு விடறதுக்கும் விடாததுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குது பாருங்க, அது. செல்லோட தோலு வந்து கண்ணாடியில பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் வெடுக்குனு ஒரு இழுப்பு. தோலு திறந்து உள்ள வழி கிடைச்சுரும். இழுப்பு கொஞ்சம் கூடிப் போச்சுன்னா, அவ்வளவுதான், செத்துரும்.

கண்ணு ரெண்டும் மைக்ராஸ்கோப்புல இருக்கறதால காதுக்குன்னு ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி வெச்சிருப்பேன். செல்லு ஒருக்காத் துடிச்சா ஸ்பீக்கர்ல டொக்குனு ஒரு சத்தம். சும்மா கெடந்தா எப்பவாவது ஒரு டொக். கரண்ட்டைக் கொஞ்சம் ஏத்திவிட்டா டொக்டொக்டொக்குனு வரிசையா வரும்.

இந்த டிரைவரைப் பாருங்க, திரும்பி எவ்வளவு நேரமாச்சு, இண்டிகேட்டரை அணைக்கவே மாட்டேங்கறான். டிக்கு டிக்குனு. எனக்கொண்ணும் இல்லீங்க, வீணா பேட்டரி போகுதேன்னுதான். எங்க வீட்லயும் சுவத்துக் கடிகாரத்தைக் கழட்டிப் பீரோவுக்குள்ள வெச்சுட்டேன். பேட்டரி எதுக்கு செலவு பண்ணோணும்? பொழங்கற குழாய்ல சொட்டு விழுந்தா ராத்திரியோட ராத்திரியா எந்திரிச்சுத் துணி கட்டிருவேன். எங்க வீட்டுக்காரி என்னென்னமோ சொல்றா. அவளுக்குத் தண்ணியோட அருமை தெரியாது.

இப்ப அந்த மெசினு ரூம்ல நான் இல்லீங்க. மொதல் வருசப் பசங்களுக்குப் பிராக்டிகல் பாத்துக்கச் சொல்லிட்டாங்க. கையில இவ்வளவு வித்தையை வெச்சுக்கிட்டு, டெஸ்ட் டியூப்பைக் கழுவி வைங்கப்பான்னு கத்திட்டுக் கெடக்கறேன். எதுக்குன்னு கேளுங்க. உதவி பண்ணினதுக்கு.

எப்பவும் எலி மூளைதானுங்க எங்களுக்கு. அபூர்வமா மனுச மூளையும் வரும். மூஞ்சியைச் சுளிக்காதீங்க, எல்லாம் முறைப்படி நடக்கறதுதான். வலிப்பு வர்றவங்களுக்கு மருந்து கேக்கலைன்னா ஆபரேசன் பண்ணுவாங்க. வலிப்பு கிளம்பற இடம் ஆழத்துல இருக்கும். அங்க போறதுக்கு வழியில இருக்கற ஒரு துண்டை எடுத்தே ஆகோணும். குப்பைக்குப் போற துண்டு. வீட்ல முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிட்டு அதை எங்களுக்கு அனுப்புவாங்க. சுண்டக்காய் அளவு இருக்கும். அதை மெலிசாச் சீவி, மீன் தொட்டிக்கு விடற மாதிரி ஆக்சிஜன் விட்டு, சத்துத் தண்ணியில போட்டு வெச்சா ஒரு நாள், நல்லா அமைஞ்சா ரெண்டு நாள், உசுரோட இருக்கும். யாரோடதுன்னு மட்டும் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. நம்பர்தான் வரும். நல்ல விதிதான், நான் குத்தம் சொல்லலை.

ஆறு வருசத்துக்கு முன்னால, தீபாவளி முடிஞ்ச வளர்பிறையில அப்படி ஒரு துண்டு வந்துச்சு. வந்த அன்னிக்கு ஒண்ணும் சரியா அமையலை. அடுத்த நாள் காலையில ஒரு செல்லைப் புடிச்சேன் பாருங்க. என் சர்வீஸ்லயே அப்படி ஒரு செல்லை நான் பாத்ததில்லை. ஒட்டுனா ஒட்டுனதுதான். ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. கணீர்னு டொக்கு, டொக்குன்னு.

அந்நேரம் போன் அடிச்சுது. ஆபரேசன் பண்ணுன டாக்டருக்குக் கீழ சுகந்தின்னு ஒரு பொண்ணு, அதுதான் எங்களுக்குத் துண்டு அனுப்பறது. "சார், நேத்து உங்களுக்கு அனுப்புன கேஸு, மூளையில ரத்தக் கசிவாகி இப்பத்தான் சார் போயிட்டான். இருபத்திரண்டு வயசுப் பையன் சார்"னு சொல்லிட்டு அழுகுது. சொல்லியிருக்கக் கூடாது. சின்னப் பொண்ணு, மனசு தாங்காம சொல்லிருச்சு.

போனை வெச்சேன். ஸ்பீக்கர்ல டொக்குன்னுது. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு டொக்கு.

எனக்கொண்ணும் தோணலைங்க. சயின்ஸ்ல இருக்கறவனுக்குத் தோணக் கூடாது. கை மட்டும் சில்லுன்னு ஆயிருச்சு. ஏசி ரூமில்லீங்களா.

சரி, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்னு கிளம்புனேன். செல்லு தானாத் துடிச்சுக்கிட்டு இருக்கும், கம்ப்யூட்டரு அதைப் பதிஞ்சுக்கிட்டு இருக்கும். கேன்டீன் எங்க பில்டிங்குக்கு இக்கட்ட. தீவிர சிகிச்சை வார்டு அக்கட்ட. நான் அக்கட்ட போயிட்டேன். ஏன்னு கேட்டா, அங்கயும் டீ மெசினு ஒண்ணு இருக்குது.

அங்க வராண்டாவுல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, போயிட்ட பையனோட அம்மான்னு நர்ஸு ஒருத்தங்க காட்டுனாங்க. துளசிமணின்னு பேரு, பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். பள்ளிபாளையத்துல தறி ஓட்டறவங்க, சீலைத் தலைப்புலகூட நூல் பிசிறு ஒட்டிட்டு இருந்துச்சு. வீட்டுக்காரர் முன்னாலயே போயிட்டாரு. இருந்தது அந்த ஒரே பையன், நவநீதன். அவனோட செருப்பை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு மடியில வெச்சுக்கிட்டு, எதுக்க இருக்கற சுவத்தையே பாத்துட்டு இருந்தாங்க. அழுகலை. அழுதிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன். அழுகாம உக்காந்திருக்கறவங்களைப் பாத்தா எனக்கு ஏதாச்சும் பேசோணும்னு ஆயிரும்.

எங்க லேப்ல காலையில பாத்துக்கிட்டா யாரும் வணக்கம் சொல்ல மாட்டோமுங்க. செல்லு உசுரோட இருக்குதான்னுதான் கேப்போம். இருக்குது சார்னு சொன்னா அன்னிக்கு எல்லாருக்கும் முகம் மலர்ந்துரும். எங்களுக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. அந்தப் பழக்கத்துலதான் சொன்னேன். பக்கத்துல உக்காந்து, மெதுவா, ஆறுதலாத்தான் சொன்னேன். "அம்மா, மனசை விட்றாதீங்க. உங்க பையனோட மூளையில ஒரு துண்டு எங்ககிட்ட இருக்குது. அது இன்னும் உசுரோட இருக்குதுங்க. சத்தம்கூடக் கேக்குது"ன்னு.

அந்தம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க பாருங்க. எந்திரிச்சுட்டாங்க. "எங்க"ன்னு கேட்டாங்க.

கூட்டிட்டுப் போகக் கூடாதுதான். ஆனா அப்படி நிக்கறவங்ககிட்ட, இல்லீங்கம்மா, உங்களுக்கு அனுமதி இல்லைன்னு எந்த வாயால சொல்றது? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?

ரூம் வாசல்ல, கோயிலுக்குள்ள போற மாதிரி செருப்பைக் கழட்டி விட்டாங்க. மெசினைச் சுத்தி ஒரு கம்பி வலைக் கூண்டு இருக்கும். டியூப் லைட்டு, பேனு, இதுகளோட கரண்ட்டு உள்ள புகுந்துறக் கூடாதுன்னு போடறது. அதைப் பாத்துட்டு, "கூண்டுக்குள்ளயா சாமி வெச்சிருக்கே"ன்னாங்க. நான் ஸ்டூலைப் போட்டுக் குடுத்தேன். உக்காந்தாங்க. டொக்குன்னுது.

"இது அவனா?"

"அவன் இல்லீங்கம்மா. அவனோட ஒரு செல்லு. மூளையில கோடி கோடியா இருக்குதுங்க, அதுல இது ஒண்ணு."

"மத்ததெல்லாம் போயிருச்சா?"

"ஆமாங்க."

"இது?"

"இது இருக்குதுங்க."

"அப்ப அவன் இன்னும் போகலை."

பாத்தீங்களா, எங்க கொண்டாந்து நிறுத்துனாங்கன்னு. படிக்காதவங்ககிட்ட இதுதான் தொந்தரவு, சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்குவாங்க.

கொஞ்ச நேரம் கேட்டுட்டே இருந்தாங்க. அப்புறம், "பசிக்குமா அதுக்கு"ன்னாங்க. தண்ணியில சர்க்கரை கலந்திருக்குதுங்கம்மான்னு சொன்னேன். உண்மைதான், குளுகோஸ் போட்டுத்தான் விடறது. சரின்னு தலையாட்டுனாங்க. "வலிக்குமா"ன்னாங்க. வலிக்காதுங்க. "நான் பேசுனா கேக்குமா"ன்னாங்க. கேக்காதுங்கம்மா, கேக்கறதுக்குக் காது வேணுமில்லன்னு சொன்னேன். எதையும் நான் தப்பாச் சொல்லலை. ஒவ்வொண்ணுக்கும் சரியான பதிலைத்தான் சொன்னேன்.

காது இல்லைன்னு சொல்லியும் அந்தம்மா எந்திரிச்சு வலைகிட்டப் போனாங்க. வாயை வலையில வெச்சு, "நவநீதா"ன்னு ஒருக்காக் கூப்புட்டாங்க. மெதுவாத்தான்.

டொக்டொக்டொக்டொக்குன்னு ஒரு எட்டு, பத்துத் துடிப்பு. அப்படியே நின்னுச்சு.

அது தற்செயலுங்க. யாராச்சும் கூண்டுகிட்டப் போனாலே அப்படி வரும். சீலை உரசும், மூச்சுக் காத்து படும், ஊசி ஒரு நூல் ஆடும். நூறு காரணம் இருக்குது. அந்தம்மாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். அதுக்கு முன்னால அது அப்படி அடிக்கலை, பின்னாலயும் அடிக்கலை. ஆனா தற்செயல்தான்.

அதுக்குள்ள அந்தம்மாவோட அண்ணன் தேடிக்கிட்டு வந்துட்டாரு. செங்கோடன்னு பேரு, நல்ல மனுசன். ஆம்புலன்ஸு வந்து நிக்குது, இப்பக் கிளம்புனாத்தான் பொழுது உளுகறதுக்குள்ள காரியத்தை முடிக்க முடியும், உளுந்துட்டா நாளைக்குத்தான்னு சொன்னாரு. ஆபரேசன் பண்ணுன உடம்பு, வெச்சிருக்கறதுக்குத் தோதில்லைன்னாரு.

அந்தம்மா அசையலை. "உசுரு இருக்கறப்ப எப்படீண்ணா நெருப்பு வெக்கறது? இது நிக்கட்டும். நின்னதுக்கப்புறம் எடுத்துக்கலாம்."

அவரு என்னைப் பாத்தாரு. வெளிய கூட்டிட்டுப் போயி, "சார், நீங்க படிச்சவரு, இது என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டாரு. கோவமாக்கூடக் கேக்கலை. கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டாரு. "எப்படியாச்சும் எந்தங்கச்சியை அனுப்பி வெச்சுருங்க"ன்னாரு.

நானும் பாத்தேன். எந்தச் செல்லும் ரெண்டு மணி நேரம் போனாச் சோந்துரும். இதுவும் சோந்துரும், தானா நின்னுரும், யாருக்கும் சங்கடம் இல்லைன்னு நெனச்சேன். நிக்கோணுமே. காலையில எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது. வேற ஒரு நாளா இருந்திருந்தா டிபார்ட்மென்ட்டுக்கே லட்டு வாங்கிக் குடுத்திருப்பேன்.

ஒரு இழுப்புப் போதுமுங்க. நான் சொன்னனில்ல, கொஞ்சம் கூடுதலா உறிஞ்சுனா முடிஞ்சுது. டியூப்பை எடுத்து வாய்லகூட வெச்சுட்டேன். அந்தம்மா பாத்துட்டு, "நீதான் அவனுக்கு மூச்சுக் குடுக்கறயா சாமி"ன்னாங்க.

டியூப்பைக் கீழ வெச்சுட்டேன்.

அப்புறம்தான் இடது கையால அந்த ஸ்பீக்கரோட குமிழைத் திருப்புனேன். பட்டுன்னு இல்ல. கொஞ்சம் கொஞ்சமா. டொக்குச் சத்தம் தூரமாப் போற மாதிரி போயி, இல்லாமப் போச்சு. ரூமே ஊமையாயிருச்சு. "போயிருச்சுங்கம்மா"ன்னு சொன்னேன்.

செங்கோடன் வாசல்ல நின்னுக்கிட்டு, "இன்னிக்குத் தசமி, பொழுதோட ஏகாதசி பொறக்குது. தசமியில போயிட்டான்"னாரு. அந்தம்மா வலை மேல உள்ளங்கையை வெச்சுப் பாத்தாங்க. செருப்பைப் போட்டுக்கிட்டு, பையன் செருப்பு இருந்த கவரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

இது பொய்யுங்களா? சொல்லுங்க. ஸ்பீக்கரைப் போடறதும் அணைக்கறதும் என் வேலையில ஒரு பாகம். ஒரு குடும்பத்தோட காரியம் நல்லபடியா நடக்கறதுக்கு ஒரு குமிழைத் திருப்புனேன், அவ்வளவுதான். அதுக்கு எனக்கு என்ன கிடைச்சுது? சாம்பிள் யாரோடதுன்னு தெரிஞ்சுக்கிட்டான், சம்பந்தப்பட்டவங்களை உள்ள விட்டுட்டான்னு ஆபரேசன் பண்ணுன பெரிய டாக்டர் மேல எழுதிப் போட்டாரு. விசாரணை வெச்சாங்க. குமிழைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை, அது பாருங்க. கேட்டதெல்லாம் பேரு எப்படித் தெரியும், கதவை யாரு தொறந்தது, இதான். டெஸ்ட் டியூப் கழுவற எடத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. அந்தச் செல்லோட போட்டோ மட்டும் அவங்களுக்கு வேணும். சாயம் ஏத்திப் படம் எடுத்தா கிளை கிளையா வேப்பமரமாட்ட அவ்வளவு அழகு. பெருசு பண்ணி டிபார்ட்மென்ட் வாசல்ல மாட்டி வெச்சிருக்காங்க. நான் பின்வாசல் வழியாப் போய்க்குவேன். அது எனக்குக் கிட்டம்.

அந்தம்மா வருசா வருசம் திதிக்கு முந்தின நாள் போன் பண்ணுவாங்க. "தம்பி, நாளைக்கு அவனுக்குக் குடுக்கறோம்"னு சொல்லுவாங்க. நல்லா இருக்கியா, சாப்புட்டியான்னு கேப்பாங்க. அவ்வளவுதான். எனக்கு என்னமோ தொந்தரவாத்தான் இருக்கும். ஆனா எங்க வீட்டுக்காரி சொல்றா, அன்னிக்குப் பூராவும் நான் போனைக் கையிலயே வெச்சிருக்கேன்னு. பழைய போனு, எப்ப நிக்கும்னு தெரியாது, அதைக் கவனிக்கறதுதான்.

போன வாரம் போன் வந்துச்சு. இன்னும் நாள் இருக்குதே, இப்ப எதுக்குன்னு எடுத்தேன். குரலே வேறயா இருந்துச்சு. நெஞ்சுல வால்வு சரியில்லைன்னு சொல்லிட்டாங்களாம், ஆபரேசனுக்கு ஒத்துக்க மாட்டேன்னுட்டாங்க. "இனி நான் எத்தனை வருசம் குடுக்கப் போறேன், செங்கோடண்ணன் கையில ஒப்படைக்கோணும். சரியான திதியைச் சொல்லு சாமி"ன்னாங்க.

"தசமிதானுங்கம்மா. அன்னிக்கே உங்கண்ணன் சொன்னாரே."

லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சேன்.

"நீ குமிழைத் திருப்புனதைப் பாத்துட்டுத்தான் சாமி இருந்தேன். எங்கண்ணு உன் கையிலதான் இருந்துச்சு. அவன் உடம்பு அங்க கெடந்து வீணாப் போயிருமேன்னு எந்திரிச்சேன். ஒரு பக்கம் உசுரு இருக்குதுன்னு தெரிஞ்சேதான் இன்னொரு பக்கம் நெருப்பு வெக்கச் சொன்னேன். பெத்தவ பண்ற வேலையா அது?"

போனை இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்திக்கிட்டேன்.

"உம்மேல எனக்கு வருத்தம் இல்லை. நீ எனக்கு ஒத்தாசைக்குத்தான் பண்ணுனே. ஆனா நான் போனதுக்கப்புறம் அது நின்னுச்சில்ல, அது எப்ப? அதைச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, திதி தெரியாதவங்களுக்கெல்லாம் அமாவாசைக்குத்தானே குடுக்கறாங்க, நாங்களும் அப்படியே குடுத்துக்கறோம். பொய் மட்டும் இன்னொருக்காச் சொல்லாதே. போன்ல வேண்டாம். நேர்ல வந்து எம்மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

அதுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். நாளைக்குத் தசமி. திதி குடுக்கறதுக்கு இன்னிக்கே அண்ணனும் தங்கச்சியும் பவானி கூடுதுறைக்கு வந்து தங்கிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வந்துர்றேன்னு சொல்லியிருக்காங்க.

என்ன சொல்லப் போறேன்னு கேக்கறீங்க. ஏகாதசின்னு சொல்லிரலாம்னு இருக்கேன். வழியெல்லாம் கணக்குப் போட்டுட்டுத்தான் வர்றேன். ஆக்சிஜன் போய்க்கிட்டு இருந்துச்சு, சர்க்கரை இருந்துச்சு, செல்லும் நல்ல செல்லு. எப்படிப் பாத்தாலும் பொழுது உளுந்ததுக்கப்புறம்தான் நின்னிருக்கும். அப்ப ஏகாதசிதானே? ஏகாதசி நல்ல நாளு, அவங்க மனசுக்கும் ஒரு நிம்மதி. இது பொய்யில்லீங்க. மதிப்பீடு. எங்க துறையில ஒத்துக்கிட்ட முறைதான்.

ஏன் கணக்குப் போடோணும், அன்னிக்கே பாத்திருப்பீங்களேன்னு கேக்கறீங்க. நீங்களும் விட மாட்டேங்கறீங்க. கம்ப்யூட்டர் பதிவை நிறுத்திட்டேன். அவங்க போன உடனே நிறுத்திட்டேன். எடம் அடைச்சுக்கும்ல. அப்புறம் சாப்புடப் போனேன். தயிர் சாதம். ரெண்டு வாய் சாப்புட்டிருப்பேன். திரும்பி வந்தேன். கதவு வரைக்கும் வந்தேன், சாவியையும் போட்டுட்டேன்.

உள்ள போயி குமிழைத் திருப்போணும். திருப்புனா, ஒண்ணு சத்தம் இருக்காது. இல்லைன்னா இருக்கும். இருந்துச்சுன்னா, அந்நேரம் அங்க பள்ளிபாளையத்துக்குப் போற ரோட்டுல ஆம்புலன்ஸு போய்க்கிட்டு இருக்குது. சாயங்காலம் திருப்புனா அங்க கட்டை அடுக்கிட்டு இருப்பாங்க. அதுக்கப்புறம் திருப்புனா…

பயமா இருந்துச்சுங்க. சயின்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. பயந்தேன். சாவியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அடுத்த நாள் பொழுது உளுந்ததுக்கப்புறம் வந்து, ஸ்பீக்கர் பக்கமே திரும்பாம, ஊசியை எடுத்துட்டுத் துண்டைப் பதப்படுத்தற பார்மலின்ல போட்டேன். போடறப்பவும் அது நின்னுருச்சான்னு பாக்கலை. கடைசி வரைக்கும் பாக்கவே இல்லைங்க.

அதுதான் ஏகாதசின்னு வெச்சுக்கலாம்னு. இல்ல துவாதசியா? வேண்டாம், அது ரொம்ப இழுத்த மாதிரி இருக்கும். ஏகாதசிதான் பொருத்தம். நீங்க என்ன சொல்றீங்க?

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. உங்க பையை எடுங்க, என்னுதை நான் எடுத்துக்கறேன். அதோ, தூணுக்குப் பக்கத்துல, பச்சைச் சீலை. ரொம்ப எளைச்சுப் போயிட்டாங்க. செங்கோடன் கையைப் புடிச்சுட்டு நிக்கறாங்க பாருங்க. ஒவ்வொரு சன்னலாப் பாத்துக்கிட்டு வர்றாங்க, நான் எதுல இருக்கேன்னு.

ஏனுங்க, உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லைன்னா அந்தத் தூணு வரைக்கும் கூட வர்றீங்களா? பேச வேண்டாம், சும்மா நின்னாப் போதும். ஏகாதசி வாய்ல வர மாட்டேங்குது. தெரியலைங்கம்மான்னு சொல்றதுக்கு எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும்.